சுடலைமணியின் முப்பத்தெட்டு டிகிரி

சுடலைமணியின் தலை இடது பக்கம் திரும்பிக்கொண்டதில் முதலில் பேரும் புகழும் அடைந்தது மத்தியாஸ் முதலாளி தோட்டத்து உரக்குழிதான். ஏலம், மிளகு, கிராம்பு எல்லாம் வளர்த்துச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் தோட்டம் அது, கேரள மலையில் குமுளிப் பக்கம் ஆனைக்கரையில் இருக்கிறது. சுடலைமணி அங்கே பதினான்கு வருஷமாக வழிகாட்டி. "உங்க வலது பக்கம் பாருங்க, இதுதான் ஏலக்காய்ச் செடி" என்று அவன் கை வலது பக்கம் நீளும். அந்த நேரம் பார்த்து, யாரோ கூப்பிட்ட மாதிரி, தலை மெதுவாக இடது பக்கம் போய் நின்றுகொள்ளும். ஜனங்கள் கையைவிட முகத்தைத்தான் நம்புகிறார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு கல்லூரிக் கூட்டம் மொத்தமும் இடது பக்கம் திரும்பி, உரக்குழியை நாற்பது படம் எடுத்துக்கொண்டு, மணம் பிரமாதம் என்று வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனது.

முதலில் சுளுக்கு என்றுதான் நினைத்தான். மனைவி மாரித்தாய் தலையணையை மாற்றினாள், எண்ணெய் போட்டு நீவினாள், கடைசியில் கட்டிலையே திருப்பிப் போட்டாள். கட்டில் திரும்பியதே தவிர கழுத்து திரும்பவில்லை. நாற்பத்தொரு வயது வரை யார் பேச்சையும் கேட்காத தலை அது. இப்போது அவன் பேச்சையே கேட்காமல் போனதில் மாரித்தாய்க்கு உள்ளூர ஒரு நியாயம் தெரிந்தது.

ஒரு நாள் டீக்கடையில் மோவாயில் விரல் வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது தலை தானாக நேரே வந்தது. விரலை எடுத்தான், போய்விட்டது. வைத்தான், வந்தது. அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. ஒரு விரலுக்கு அடங்குவது வியாதியா? அக்கம்பக்கத்தார் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொள்ளாமல் நேரடியாகவே "நடிக்கிறான்" என்றார்கள். அவனும் பல நாள் கண்ணாடி முன் நின்று, நாம் நடிக்கத்தான் செய்கிறோமோ என்று தன்னையே உளவு பார்த்தான். நடிப்பாக இருந்தால் இவ்வளவு மோசமாக நடிக்கிறவனை எந்த நாடகத்திலும் சேர்க்கமாட்டார்கள் என்று முடிவுக்கு வந்தான்.

மத்தியாஸ் முதலாளி நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"சுடலே, எனக்கு உன்மேல தேஷ்யமோ கோபமோ ஒண்ணும் இல்ல. ஆனா உரக்குழி பாக்கறதுக்கு ஆளுக ஆனைக்கரை வரைக்கும் வரணும்னு இல்லல்லோ. கிறிஸ்துமஸ் கூட்டம் வர்றதுக்குள்ள கழுத்த நேராக்கிட்டு வா. இல்லாட்டி காய் உலர்த்துற ஸ்டோர்ல வேல தாறேன். அங்க எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒண்ணுதான்."

சுடலைமணிக்குத் தெரிந்த ஒரே வேலை நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுவது. ஸ்டோரில் ஏலக்காயோடுதான் பேச வேண்டும். அது பதிலுக்குச் சிரிக்காது.

மருத்துவக் கல்லூரியில் நரம்பு டாக்டர் பார்த்தார். இதற்கு செர்வைக்கல் டிஸ்டோனியா என்று பேர், கழுத்துத் தசைக்கு மூளை தப்பான உத்தரவு போடுகிறது என்று சொல்லி, கழுத்தில் ஊசி போட்டார். "மூணு மாசத்துக்கு ஒருக்கா போடணும். ஊசி இழுக்கிற தசையத் தளர்த்தும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கத் தசைக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறது பிசியோதெரபி. அத விட்டா ஊசியில பாதி வீண்" என்று சீட்டு எழுதி, மலையோர மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார். விரல் விஷயத்தை டாக்டரும் கேட்கவில்லை, சுடலைமணியும் வாய் திறக்கவில்லை.

மையத்தின் பதிவு ஜன்னலில் செல்வலட்சுமி இருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் ஐந்து வியாதிகள் இருந்தன. பக்கவாதம், மூட்டு வலி, முதுகு வலி, தோள் வலி, கழுத்து வலி. சீட்டில் இருந்த பேரை அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"கழுத்து வலியா?"

"வலி கொஞ்சந்தேன் தங்கச்சி. திரும்பிக்கிருது."

"திரும்புறதுக்கு இதுல எடமில்லண்ணே. வலி பத்துக்கு எத்தன?"

"மூணு போடலாம்."

"மூணுக்கு இங்க சிகிச்ச கெடையாது. அஞ்சுக்கு மேல இருக்கணும்."

"அப்ப ஆறு போட்டுக்கங்க."

"நானாப் போட முடியாது. நீங்க உணர்ந்து சொல்லணும்."

சுடலைமணி உணர்ந்து சொன்னான். அன்று முதல் அவன் கழுத்து வலி, ஆறு.

ஜன்னலுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு விதி தொங்கியது. பத்து சிட்டிங் முடிந்ததும் நோயாளியை அளக்க வேண்டும். முன்னேற்றம் பத்து சதவீதத்துக்குக் கீழே என்றால் சிகிச்சையால் பயனில்லை, ஃபைல் மூடப்படும். ஐம்பது சதவீதத்துக்கு மேலே என்றால் குணமாகிவிட்டார், ஃபைல் மூடப்படும். நடுவில் நிற்பவர்களுக்கு மட்டும் இன்னொரு பத்து. ஆக அங்கே வைத்தியம் தொடர வேண்டுமானால் ஒருவன் குணமாகவும் கூடாது, ஆகாமலும் இருக்கக் கூடாது. எட்டாம் வகுப்பில் தேறாமலும் பள்ளிக்கூடத்தை விடாமலும் மூன்று வருஷம் இருந்தவன் சுடலைமணி. அவனுக்கு விதி உடனே விளங்கியது.

பிசியோதெரபிஸ்ட் பேர் ஹஸ்னா. பாலக்காட்டுப் பக்கத்துப் பெண், வேலைக்காக மலையேறி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அளவுகோலை அவன் தலைமேல் வைத்துப் பார்த்து, "முப்பத்தெட்டு டிகிரிங்கண்ணா" என்றாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவனே எதிர்பாராதபடி கேட்டாள். "எங்காச்சும் தொட்டா நேரா வருதுங்களா? தாடை, கன்னம், எங்கியாச்சும்?"

சுடலைமணி திருடன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மோவாயில் விரலை வைத்துக் காட்டினான். தலை நேரே வந்தது.

"இது நடிப்பில்லீங்களே. இந்த வியாதிக்கு இப்படித்தான் வரும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குங்க" என்றாள் ஹஸ்னா.

ஒரு வருஷமாக அவனுக்குள் கிடந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. ஊரெல்லாம் பொய்யன் என்று சொன்னவனை ஒரு புத்தகம் நல்லவன் என்று சொல்லிவிட்டது. அவனுக்குக் கண் கலங்கியது. ஆனால் கலங்கிய கண்ணோடு அவளைப் பார்க்கத் தலை ஒத்துழைக்காததால், கதவுக்குப் பக்கத்திலிருந்த தீயணைக்கும் சிலிண்டரைப் பார்த்துக் கண் கலங்கினான்.

புது நோயாளிகள் சூப்பரண்டைப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். சூப்பரண்டு பாண்டீஸ்வரன் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து திருவனந்தபுரம் வரை போய்ப் படித்து வந்தவர். அவர் அறைக்குள் ஹஸ்னாவோடு நுழைந்த சுடலைமணி, பெரிய மனிதரை நேராகப் பார்ப்பதுதான் மரியாதை என்று மோவாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். சூப்பரண்டு அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கைய எறக்குங்க. தொரைமாருக்கு முன்னால வாயப் பொத்திக்கிட்டு நின்ன காலமெல்லாம் மலையேறிப் போச்சு. எங்கப்பா அப்படி நின்னவருதான். அத மாத்தணும்னுதான் நான் இந்த நாற்காலிக்கு வந்தேன். என் முன்னால ஒருத்தரும் அடங்கி நிக்கக் கூடாது. நான் சொல்றதக் கேட்டா போதும். கைய எறக்குங்க."

சுடலைமணி கையை இறக்கினான். தலை இடது பக்கம் போய் ஜன்னலைப் பார்த்தது.

"நான் சுயமரியாதையப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். நீங்க ஜன்னலப் பாக்குறீங்க."

விரலை வைத்தான். தலை வந்தது.

"மறுபடியும் வாயப் பொத்துறீங்க பாருங்க."

இறக்கினான். ஜன்னல் வந்தது. இப்படி நாலு தரம் ஆயிற்று. மரியாதை கொடுத்தால் அடிமை, கொடுக்காவிட்டால் திமிர் பிடித்தவன் என்று இரண்டு பட்டமும் ஒரே அறையில் வாங்கிக்கொண்டு சுடலைமணி வியர்த்துப் போனான். ஹஸ்னா அவன் உட்காரும் ஸ்டூலைப் பிடித்து வலது பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். உடம்பு சுவரைப் பார்க்க, முகம் சரியாக சூப்பரண்டின் மேல் வந்து நின்றது. "இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்கீங்க" என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

கழுத்து வலிக்கு மையத்தில் எழுதியிருந்த சிகிச்சை, கழுத்தை இழுக்கும் மெஷின். அது சூப்பரண்டு போராடி வரவழைத்தது. அதன்மேல் தினமும் பூ வைத்தார்கள். படுக்கவைத்து, மோவாயைச் சுற்றி ஒரு பெல்ட்டை மாட்டி, தலைமாட்டுப் பக்கம் எடை தொங்கவிடுவார்கள். "உங்க கழுத்துக்கு இழுக்கறது ஆகாதுங்கண்ணா" என்று ஹஸ்னா எடையே போடுவதில்லை. ஆனால் ஃபைலில் மெஷின் என்று இருந்ததால் பெல்ட்டை மட்டும் மாட்டிவிடுவாள். பெல்ட் மோவாயில் பட்டதும் தலை நேரே நின்றுவிடும். விரல் செய்த வேலையை பெல்ட் செய்தது, அவ்வளவுதான்.

இதை ஒரு நாள் சூப்பரண்டு வந்து பார்த்துவிட்டார். எடை போடாத மெஷினில் தன் நோயாளி தராசு முள் போல நேராகப் படுத்திருப்பதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு விம்மியது. இருந்த ஊழியர்களையெல்லாம் கூப்பிட்டார்.

"பாருங்க. மெஷினுக்குள்ள இருக்கும்போது கழுத்து நேரா இருக்கு. பெல்ட்டக் கழட்டுங்க. பாத்தீங்களா, கோணிக்கிச்சு. இப்ப சொல்லுங்க, தப்பு மெஷின்மேலயா, இவருமேலயா? நாங்க இங்க இருபது நிமிஷம் குணப்படுத்தி வெளிய விடுறோம். வெளிய போனதும் இவரு கவனக்குறைவா பழையபடி ஆக்கிக்கிறாரு."

சுடலைமணி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

உண்மையான வைத்தியம் நடந்தது அதற்குப் பிறகு, நடையில் கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடி முன்னால். மையத்தில் வேறு கண்ணாடி இல்லை. ஹஸ்னா அவனைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, இழுக்கும் தசையை நீவித் தளர்த்துவாள். பிறகு, "விரல் வேண்டாங்க. கண்ணாடியில உங்க மூக்கப் பாருங்க. மெல்ல வலது பக்கம் வாங்க. அங்கியே நிறுத்துங்க" என்று எண்ணுவாள். முதல் நாள் இரண்டு வரை எண்ணுவதற்குள் தலை ஓடிவிட்டது. பத்தாவது சிட்டிங்கில் பதினைந்து வரை நின்றது. அளந்தாள். முப்பது. சட்டப்படி நடுவில் விழுந்ததால் இன்னொரு பத்து கிடைத்தது.

அந்த இரண்டாவது பத்தில், ஒரு நாள் வீட்டில் விரல் வைக்காமல் ஒரு தம்ளர் டீயை முழுதாகக் குடித்தான். மாரித்தாய் எதிரே உட்கார்ந்து, "என்னத்த அப்படிப் பாக்குறீரு" என்று கேட்டாள். "ஒன்னயத்தான்" என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனால் அப்படிச் சொல்ல முடிந்தது. அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

ஹஸ்னா அளந்தபோது இருபத்துநான்கு வந்தது. சுடலைமணிக்கு சந்தோஷத்தோடு பயமும் வந்தது. பத்தொன்பதுக்குக் கீழே போனால் குணமாகிவிடுவான். குணமானால் சிகிச்சை நின்றுவிடும். சிகிச்சை நின்றால் குணம் போய்விடும்.

"ஹஸ்னாம்மா, எத்தன டிகிரி வேணும்னு சொல்லு. விரலத் தள்ளி வச்சா இருவத்தஞ்சு, கிட்ட வச்சா பத்து, எது கேட்டாலும் காட்டிருதேன்" என்றான். கண்காட்சியில் சேர்ந்திருந்தால் பிழைத்துக்கொண்டிருப்பான்.

"அளவுல பொய் வேண்டாங்கண்ணா. பத்தொன்பது வரும்போது பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

பத்தொன்பது வரவில்லை. அதற்குள் தர மதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்துவிட்டது.

குழுவுக்குக் காட்ட, சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று ஒரு ஆளின் படம் வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருந்தார்கள். முதுகு வலிக்காரர்களை முதுகுப் பக்கமிருந்து எடுக்க வேண்டும், அது அழகாக இல்லை. சுடலைமணியைப் பார்த்ததும் சூப்பரண்டின் முகம் மலர்ந்தது. மையத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற வியாதி அவன் ஒருத்தனிடம்தான் இருந்தது. ஹஸ்னா லீவில் ஊருக்குப் போயிருந்த நாள் அது. ஒரே காலையில், ஒரே சட்டையில், விரல் இல்லாமல் ஒரு படமும் விரலோடு ஒரு படமும் எடுத்தார்கள். விரலோடு எடுத்தது சிகிச்சைக்குப் பின்.

குமுளி ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் விரலைத் துடைத்தெடுத்தார். விரலோடு மோவாயிலும் கொஞ்சம் போய், அங்கே ஒரு குழி விழுந்தது. எட்டடி உயரத்தில் பேனரை விரித்துக் காட்டியபோது சுடலைமணி ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தான். நேரான முகம், கூரான பார்வை, மோவாயில் குழி. இத்தனை லட்சணமான ஒருத்தன் தனக்குள் இருந்தது அவனுக்கே தெரியாது. கீழே கொட்டை எழுத்தில் 'முப்பத்தெட்டிலிருந்து பூஜ்யம்' என்று போட்டிருந்தது.

"இதுல ஒரு ஒப்பு போடுங்க" என்று செல்வலட்சுமி ஒரு தாளை நீட்டினாள். நான் பூரணமாகக் குணமடைந்தேன் என்று அதில் இருந்தது.

யாரும் அவனை மிரட்டவில்லை. கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. பேனரில் இருந்த ஆளைப் பார்த்துக்கொண்டே, அவன் பேரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். போட்ட பிறகு, மாரித்தாயிடம் காட்ட ஒரு படமும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த சிட்டிங்குக்குப் போனபோது செல்வலட்சுமி சீட்டு தரவில்லை.

"ஃபைல் மூடியாச்சேண்ணே. குணமானவருக்கு சிகிச்ச குடுத்தா ஆடிட்ல கேப்பாங்க."

"எனக்கு இன்னும் கோணிக்கிட்டுத்தான தங்கச்சி இருக்கு. பாக்கத்தான செய்தீய."

"நான் பாத்து என்ன செய்ய? அங்க பாருங்க, அது உங்க மூஞ்சிதான?"

பேனர் வலது பக்கச் சுவரில் இருந்தது. சுடலைமணியால் அதைப் பார்க்க முடியவில்லை.

லீவு முடிந்து வந்த ஹஸ்னா தாளைப் படித்துவிட்டு, "ஒப்புப் போட்டீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அவன் சூப்பரண்டிடம் ஓடினான். கிறிஸ்துமஸையும் ஸ்டோரையும் சொல்லி, தயவு பண்ணுங்க என்று கெஞ்சினான். அவர் யோசித்தார்.

"உங்க கழுத்து முடிஞ்சு போச்சு சுடலைமணி. அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா முட்டி இருக்கில்ல? குழு வர்ற அன்னைக்கு வந்து, குணமானவரா கொஞ்ச நேரம் உக்காருங்க. மறுநாளே முட்டி வலின்னு புது ஃபைல் போட்டுத் தர்றேன். அதுக்குள்ள நீங்க கழுத்தக் காட்டினாலும் சரி, காதக் காட்டினாலும் சரி."

தன் முட்டி இத்தனை நாள் வலிக்காமல் இருந்ததற்கு சுடலைமணி மனதாரக் குறைபட்டுக்கொண்டு, சரி என்றான்.

குழு வந்தது. மூன்று பேர், தலைவியாக ஒரு அம்மையார். அவர்கள் முதல் ஒன்றரை மணி நேரம் குப்பைத் தொட்டிகளின் நிறத்தைப் பார்த்தார்கள். பிறகு சூப்பரண்டு எழுந்து பேசினார்.

"போன வருஷம் இந்த மையத்துல மூடின ஃபைல் ஆயிரத்து இருநூறு. அதுல குணமானவங்க அறுநூறு, பயனில்லாதவங்க அறுநூறு. இன்னைய தேதிக்கு ஒரு நோயாளி பாக்கியில்ல. நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இருந்தா அதுதான முழுமையான ஆஸ்பத்திரி?"

தலைவி அதைப் பாராட்டினார். "நோயாளிகள் வருவாங்க, போவாங்க. நிலைச்சு நிற்கிறது ரெஜிஸ்டர்தான். தப்பா குணப்படுத்தினா மன்னிக்கலாம். தப்பா எழுதினா மன்னிக்க முடியாது" என்றார்.

சுடலைமணியை பேனருக்குக் கீழே, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். முகம் குழுவின் மேல் விழ வேண்டும் என்று சூப்பரண்டே குனிந்து கோணம் பார்த்து வைத்திருந்தார். ஆனால் இந்த வியாதிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாலு பேர் உற்றுப் பார்த்தால் கூடிவிடும். மூன்று வாரம் வைத்தியம் நின்ற கழுத்து, குழுவைக் கண்டதும் ஐம்பது டிகிரிக்குப் போயிற்று. முகம் குழுவைத் தாண்டிப் போய்த் தண்ணீர்க் குடத்தைப் பார்த்து நின்றது. வேறு வழியில்லாமல் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்து, முகத்தைக் குழுவின் மேல் நிறுத்தினான்.

"எவ்வளவு அடக்கமான மனுஷன்" என்றார் தலைவி. "சொல்லுங்க, எதனால குணமாச்சு?"

மெஷின் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுடலைமணிக்கும் அதைச் சொல்லத்தான் எண்ணம். ஆனால் அறைக் கோடியில் ஹஸ்னா நின்றிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு அந்தப் பெல்ட்டுக்குப் பேர் கொடுக்க அவனுக்கு நா எழவில்லை. பதினான்கு வருஷம் சுற்றுலாக்காரர்களிடம் கதை அளந்தவனுக்கு, உண்மை பேச வேறு நாள் கிடைக்கவில்லை.

"மெஷின் இல்லீங்கம்மா. இந்த ஹஸ்னாம்மாதேன். கை கழுவுற தொட்டிக்கு முன்னால, கண்ணாடியில பாத்து திரும்பச் சொல்லிக் குடுத்துச்சு. தெனம் இருவது நிமிஷம். அதுலதேன் கொஞ்சம் கேட்டுது. முழுசா ஆகலீங்க. இன்னும் வேணும்."

தலைவி பேனாவை எடுத்தார். அப்பாடா, ஒருத்தராவது எழுதிக்கொள்கிறார்களே என்று சுடலைமணி நிம்மதியாக மூச்சு விட்டான். அவர் எழுதியதை உரக்க வாசித்தார். "கை கழுவும் இடத்தில் சிகிச்சை. தொற்றுத் தடுப்பு விதி மீறல். இரண்டு மதிப்பெண் குறைப்பு."

மையத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கிடைத்தது. சுடலைமணி குணமானதற்குப் பத்துக்குப் பத்து. ஒரு வாரத்தில், இரண்டு மதிப்பெண்ணை இழக்கக் காரணமாக இருந்ததற்காக ஹஸ்னாவை மாற்றி உத்தரவு வந்தது.

முட்டி வலி ஃபைலை சூப்பரண்டு சொன்னபடியே போட்டுக்கொடுத்தார். வாக்கு தவறாத மனிதர். ஆனால் ஹஸ்னாவின் இடத்துக்கு ஆள் வரவில்லை. மெஷின்தான் இருந்தது. செல்வலட்சுமியே பெல்ட்டை மாட்டிவிட்டாள். சுடலைமணி நேராகப் படுத்துக்கொண்டு, தன் வாயால் ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்துவிட்டோம் என்று கூரையைப் பார்த்து அழுதான். மறுநாள், அவளை மாற்றிய ஊர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி என்று விசாரித்துக்கொண்டு பஸ் ஏறினான். அதற்குப் பக்கத்துச் சித்தூரில் மாரித்தாயின் சித்தப்பா மகள் இருந்தாள். பத்து நாள் தங்கிக்கொள்ளலாம்.

குமுளியில் கேரளத்தை விட்டு, கம்பத்துக்கு இறங்கி, தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று சுற்றி, மறுபடியும் கேரளத்துக்குள் போக வேண்டும். அவனுக்கு ஜன்னல் இடம் கிடைக்கவில்லை. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் முகத்தை வத்தலக்குண்டு வரை பார்த்துக்கொண்டே போனான். அவர் இறங்கும்போது, தன்னை எங்கே பார்த்த ஞாபகம் என்று கேட்டு, வீட்டு விலாசம் சொல்லிவிட்டுப் போனார்.

நல்லேப்பிள்ளியில் வயலை ஒட்டி ஒரு சின்னத் துணை மையம். ஒரு அறை, ஒரு பெஞ்சு, ஒரு ஹஸ்னா. அவனைக் கண்டதும் அவள் எழுந்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க?"

"என்னாலதான ஒனக்கு இப்படி ஆச்சு. மன்னிச்சுக்கம்மா."

"மன்னிக்கறக்கு என்னங்க இருக்குது. எங்க ஊடு இங்கிருந்து நடக்கற தூரந்தான். ரெண்டு வருஷமா மாத்தல் கேட்டு அஞ்சு தடவ எழுதிக் குடுத்தேன், கெடைக்கல. தண்டனைன்னதும் ஒரே வாரத்துல வந்திருச்சு."

அவள் பதிவேட்டை எடுத்தாள். இங்கேயும் ஐந்து வியாதிகள்தான். கழுத்துக்குப் பேரைப் போட்டால் பழைய ஃபைல் வந்து, குணமானவர் என்று சொல்லும். அவள் முட்டி வலி என்று எழுதிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு கண்ணாடியை பெஞ்சின் மேல் சாய்த்து வைத்தாள். கழுத்தை வெகுநேரம் நீவினாள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால், அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"விரல் வேண்டாங்க. மெல்ல வாங்க."

சுடலைமணி வந்தான். மூன்று எண்ணுவதற்குள் தலை போய்விட்டது. பதினைந்து, இருபது என்று நின்ற கழுத்து, ஒரு பேனரின் ஆசையில் மூன்றுக்கு வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் முப்பத்தோரு நாள். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட நாற்பது நிமிஷம்.

"எத்தன டிகிரிம்மா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டான்.

"அளக்கற கோல் இங்க குடுக்கலீங்கண்ணா. இன்னொருக்கா வாங்க."

வந்தான். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள். மூன்று தாண்டியது. ஆறு தாண்டியது. ஒன்பதில் அவனுக்குக் கண்ணீர் வந்தது. இந்த முறை சிலிண்டரையோ கூரையையோ பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்தே அழுதான். ஹஸ்னா எண்ணுவதை நிறுத்தவில்லை.